கொடி கொடுத்தார்கள், பெயர் எழுதவில்லை

எங்க தாத்தா ஊர்த் தலையாரி. வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு சேரி எங்களுடையது. அவர் செத்த பிறகு தகரப் பெட்டியில் கிடைத்தது ஒரு பித்தளை வில்லை. அதில் சர்க்கார் முத்திரை இருந்தது, தாலுக்கா பெயர் இருந்தது, ஒரு நம்பர் இருந்தது. தாத்தா பெயர் இல்லை. ஜமாபந்தி நாளில் அதைப் புளி போட்டுத் தேய்த்து, டவாலியில் மாட்டிக்கொண்டு, தாசில்தார் ஜீப்புக்கு முன்னால் ஓடுவாராம். மற்ற நாளெல்லாம் அது பெட்டிக்குள்ளே. வில்லை போட்ட நாளிலும் டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளைதான். "வில்லை நெஞ்சில இருந்துச்சு, கொட்டாங்குச்சி கையில இருந்துச்சு" என்று ஆயா சொல்லும். அப்பா அதைப் பழைய பித்தளைக்காரனிடம் போடப் போனார். ஆயாதான் பிடுங்கி வைத்துக்கொண்டது.

பல வருஷம் கழித்து, அமெரிக்கக் கறுப்பர் வரலாறு பற்றிய ஒரு புத்தகத்தில் ஒரு கொடியின் படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் அந்த வில்லைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் வந்தது என்று எனக்கே விளங்கப் பல நாள் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கொடி இன்று பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. பட்டுத் துணியில் வண்ணம் தீட்டிச் செய்தது. ஒரு பைன் மரம். மரத்தடியில் பாய்ந்தோடும் ஓர் ஆண் மான். மேல் மூலையில் 13 நட்சத்திரங்கள். 'பக்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயர். கூடவே ஜே.எச்., ஜி.டபிள்யூ. என்ற எழுத்துகள். 1775இல் தொடங்கி 1783இல் முடிந்த அமெரிக்க விடுதலைப் போரின் காலத்தில், பாஸ்டன் கறுப்பர்கள் ஒரு குடிப்படை வைத்திருந்தார்கள். அந்தப் படைக்குக் கொடுக்கப்பட்ட கொடி இது.

குடிப்படை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது ராஜாவின் சம்பளப் பட்டாளம் இல்லை. ஊரில் கடை வைத்திருப்பவன், தச்சன், கொல்லன் எல்லாரும் குறிப்பிட்ட நாளில் துப்பாக்கியோடு கூடிப் பயிற்சி எடுப்பார்கள். ஊருக்கு ஆபத்து என்றால் நிற்பார்கள். நம்ம பக்கத்து ஊர்க்காவல் வேறு. இங்கே காவல் என்பது பிறப்பால் சுமத்தப்பட்ட ஊழியம். அங்கே குடிப்படையில் நிற்பது குடிமகன் என்பதற்கான அத்தாட்சி. துப்பாக்கி தூக்க அழைக்கப்படுகிறவன்தான் ஊரின் மனுசன். அழைக்கப்படாதவன் ஊரில் இருக்கலாம், ஊரின் ஆள் ஆகமாட்டான்.

அதனால்தான் இந்தப் படைகளின் சடங்குப் பொருள்களுக்கு அத்தனை கனம். ஆம்ஸ்டர்டாம் நகரத் துப்பாக்கிப் படையாரை ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியம் உலகப் புகழ் பெற்றது. அதில் ஒளியில் நிற்கும் ஒரு சிறுமியின் இடுப்பில் கோழி தொங்குகிறது. அதன் நகக்கால்தான் அந்தப் படையின் சின்னம். அதே ஓவியத்தில் சுவரில் ஒரு கேடயம். அதில் 18 பெயர்கள். காசு கொடுத்துத் தங்களை வரையச் சொன்ன படையாரின் பெயர்கள். பார்க்கிறவன் நாளைக்கு "யார் இவர்கள்?" என்று கேட்டால் பதில் அங்கேயே இருக்கிறது.

பாஸ்டன் கறுப்பர்களின் கொடியில் பெயர் யாருடையது? ஜே.எச். என்பது ஜான் ஹான்காக். மாசசூசெட்ஸின் ஆளுநர், பெரிய வியாபாரி, சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்டவர். ஜி.டபிள்யூ. என்றால் ஜார்ஜ் வாஷிங்டன் என்பார்கள். இல்லை, ஹான்காக்கின் மகன் பெயரே ஜான் ஜார்ஜ் வாஷிங்டன் ஹான்காக், அதைத்தான் குறிக்கிறது என்பாரும் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும், கொடி தூக்கியவன் பெயர் அதில் இல்லை. கொடுத்தவன் பெயர் இருக்கிறது.

கொடியில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

பைன் மரம் நியூ இங்கிலாந்து வெள்ளையர்களின் விடுதலைச் சின்னம். அதற்கு ஒரு கணக்கு உண்டு. 1691ஆம் ஆண்டின் சாசனப்படி, தனியார் கைக்குப் போகாத நிலத்தில் 24 அங்குல விட்டத்துக்கு மேலான மரமெல்லாம் ராஜாவின் கப்பற்படைப் பாய்மரத்துக்கு ஒதுக்கப்பட்டது. வெட்டினால் தண்டனை. காட்டைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர்கள், கலகம் என்று வந்தபோது பைன் மரத்தைக் கொடியில் ஏற்றினார்கள். 13 நட்சத்திரம் 13 மாநிலங்களுக்கு. 1777 ஜூன் 14இல் அமெரிக்கக் காங்கிரஸ் முடிவு செய்த தேசியக் கொடியின் நட்சத்திரங்கள் அவை. ஆக மரம் அவர்களுடையது, நட்சத்திரம் அவர்களுடையது.

மான் யாருடையது? இங்கேதான் நான் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் ஆண் மான். மிடுக்காகத் திரியும் இளவட்டப் பையனையும் அப்படிச் சொல்வார்கள். அதே சொல் கறுப்பின ஆணைக் கால்நடைபோலக் குறிக்கும் வசைச் சொல்லாகவும் புழங்கியது. அப்படி ஒரு சொல்லை ஒரு படை தன் பெயராகத் தூக்கிக் கொடியில் வைத்திருக்கிறது. கூடவே 'அமெரிக்கா'வையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நீ எங்களை எதுவென்று சொன்னாயோ அதுதான் நாங்கள், ஆனால் இந்த நாட்டின் ஆள்கள் என்று அறிவிக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தாரே, அந்த நெஞ்சுரம்தான். வசையை வாங்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டால், வைதவன்தான் திகைத்துப் போவான்.

மான் ஓடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வேட்டையாடப்படும் மிருகமும் ஓடும், தளை அறுத்த மிருகமும் ஓடும். கொடியில் வேட்டைக்காரன் இல்லை. எந்த ஓட்டம் என்று பார்க்கிறவன் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொடி கொடுத்த கதையை நமக்குச் சொன்னவர் வில்லியம் கூப்பர் நெல். 1816இல் பாஸ்டனில் பிறந்த கறுப்பர், பத்திரிகைக்காரர், அடிமை ஒழிப்புப் போராளி. அமெரிக்கப் புரட்சியில் பங்கெடுத்த கறுப்பர்களைப் பற்றி 1855இல் அவர் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது. போர் முடியும் தறுவாயில் அந்தப் படை பக்கத்து ஊர் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பீக்கன் தெருவில் ஹான்காக்கின் மாளிகை முன்னால் நிற்கச் சொன்னார்கள். ஆளுநரும் மகனும் சேர்ந்து கொடியைக் கொடுத்தார்கள். மகன் 1787 ஜனவரியில் 8 வயதில் செத்துப்போனான் என்பதால், இது அதற்கு முன் நடந்திருக்க வேண்டும்.

தெருவில் நிறுத்திக் கொடுத்தார்கள். மாளிகைக்குள் அழைத்துக் கொடுத்ததாக நெல் சொல்லவில்லை. அந்த ஹான்காக் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விடுதலைப் போரின் படைப் பதிவேடுகளில் 'பக்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற படையே இல்லை. ஆள் கணக்கு இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை. பாஸ்டன் வியாபாரிகளின் சொத்துக்குக் காவல் நின்ற படை என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. தலைவர் பெயர் ஜார்ஜ் மிடில்டன் என்பது நெல்லின் எழுத்தால் தெரிகிறது. சிப்பாய்களின் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. பதிவேட்டில் பெயர் இருப்பது வெறும் கௌரவம் இல்லை. 1818இலும் 1832இலும் அமெரிக்க அரசு போர்வீரர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் போட்டது. 1832 சட்டம் குடிப்படையாரையும் சேர்த்துக்கொண்டது. பணி செய்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். கொடியைக் காட்டிப் பென்ஷன் வாங்க முடியுமா? பட்டுக்கு ஆகும் செலவு ஒரு நாள் செலவு. பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் அது தலைமுறைக்கும் செலவு. ஆளுகிறவன் எதைக் கொடுப்பான் என்று நமக்கா தெரியாது?

கொடி கையில் இருந்த காலத்திலேயே அதன் மதிப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. மாசசூசெட்ஸில் 1781 முதல் 1783 வரை நடந்த வழக்குகளில் அடிமைமுறை சட்டத்தில் செல்லாது போயிற்று. எலிசபெத் ஃப்ரீமன், குவாக் வாக்கர் என்ற இரண்டு அடிமைகள் நீதிமன்றத்தில் நின்று வாங்கிய தீர்ப்புகள் அவை. யாரும் பரிசாகக் கொடுத்ததில்லை. 1786இல் கடன்பட்ட வெள்ளை விவசாயிகள் ஷேஸ் என்பவர் தலைமையில் கலகம் செய்தபோது, பாஸ்டன் கறுப்பர்களின் தலைவர் பிரின்ஸ் ஹால் அன்றைய ஆளுநர் பௌடனுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் அரசுக்குத் துணையாக ஆயுதம் ஏந்தத் தயார் என்றார். ஏழை விவசாயிக்கு எதிராக அரசு பக்கம் நிற்பதா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் குடிப்படையில் இடம் கிடைத்தால் குடியுரிமையில் இடம் கிடைக்கும் என்ற அவர் கணக்கும் புரிகிறது. ஆளுநர் வேண்டாம் என்றார். சில வாரத்தில், 1787 ஜனவரியில், அதே பிரின்ஸ் ஹாலும் கூட்டாளிகளும் இன்னொரு மனு போட்டார்கள். எங்களை ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போக விடுங்கள், உதவி செய்யுங்கள் என்ற மனு. 'அமெரிக்கா' என்று எழுதிய கொடி ஊரில் இருக்கும்போதே இந்த மனு.

மிடில்டன் என்ன ஆனார்? குதிரை பழக்குகிற வேலை. மாலையில் வயலின் வாசிப்பார். பீக்கன் குன்றில் பிங்க்னி தெரு 5ஆம் எண்ணில் அவர் கட்டிய மர வீடு இன்றும் நிற்கிறது. 1796இல் கறுப்பர்கள் தங்களுக்குள் உதவிக்கொள்ளத் தொடங்கிய ஆப்பிரிக்கச் சங்கத்தில் அவர் முன்னணி ஆள். நெல் தன் நூலில் ஒரு நேர்சாட்சியின் கதையைத் தருகிறார். அடிமை வணிக ஒழிப்பைக் கொண்டாடக் கறுப்பர்கள் வருஷா வருஷம் ஊர்வலம் போவார்கள். வெள்ளையர்கள் அதைக் கேலி செய்த காலம். ஒரு வருஷம் தடிகளோடு ஊர்வலத்தின் மேல் பாய்ந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். கிழவர் மிடில்டன் தன் வாசலில் வந்து நின்று, குண்டு போட்ட துப்பாக்கியை நீட்டி, கிட்டே வருகிற முதல் வெள்ளையனைக் கொல்வேன் என்றார். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் மெல்லப் பேசித்தான் துப்பாக்கியை இறக்க வைத்தார். கிழவர் அழுதுவிட்டார்.

எனக்கு இந்த அழுகைதான் பெரிசாகப் படுகிறது. ஊரின் சொத்தைக் காத்தபோது கொடி கிடைத்தது. தன் சனத்தைக் காக்க அதே துப்பாக்கியைத் தூக்கியபோது அவர் ஒற்றை ஆள். அன்றைக்கு ஜே.எச். என்ற எழுத்து அவருக்கு முன்னால் வந்து நிற்கவில்லை.

1792இல் குடிப்படைச் சட்டம் வந்தது. உடல் வலுவுள்ள சுதந்திரமான வெள்ளை ஆண் குடிமகன் மட்டும் சேர்க்கப்பட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். 'வெள்ளை' என்ற ஒரே சொல். 65 வருஷம் கழித்து அந்தச் சொல் என்ன செய்தது பாருங்கள். 1857 மார்ச்சில் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டானி, கறுப்பர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது என்றார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று இந்த 1792 சட்டம். குடிப்படையில் அழைக்கப்படாதவன் எப்படிக் குடிமகன் ஆவான் என்பது வாதம். முதலில் வெளியே நிறுத்துவது, பிறகு வெளியே நிற்பதையே காரணமாகக் காட்டுவது. கோயிலுக்குள் விடாமல் வைத்துவிட்டு, "வழக்கமில்லை" என்று சொல்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

இந்த இடத்தில்தான் கொடி மறுபடியும் வெளியே வருகிறது. அதை வெளியே கொண்டுவந்தவர் நெல்.

நெல் யார் என்பதற்கு அவருடைய பள்ளிக்கூடக் கதை ஒன்று போதும். 1829இல் பாஸ்டன் பள்ளிகளில் சிறந்த மாணவர்களுக்கு ஃபிராங்ளின் பதக்கம் கொடுத்தார்கள். நெல்லுக்கும் தகுதி இருந்தது. கறுப்பன் என்பதால் பதக்கம் இல்லை. பதிலுக்கு ஃபிராங்ளின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் ஒன்று. பதக்கம் வாங்கிய வெள்ளைப் பையன்களுக்கு ஃபனுயில் மண்டபத்தில் விருந்து. நெல் ஒரு பரிமாறுகிறவரிடம் கேட்டு, பரிமாறும் பையனாக அந்த மண்டபத்துக்குள் போனார். அங்கே ஒரு பிரமுகர் அவர் காதில், நீயும் இந்தப் பையன்களோடு உட்கார்ந்திருக்க வேண்டியவன் என்று கிசுகிசுத்தாராம். சத்தமாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தப் பையன் வளர்ந்து, தனிப் பள்ளிகளை எதிர்த்துப் பல வருஷம் போராடினார். 1855இல் மாசசூசெட்ஸ் அதைச் சட்டத்தால் ஒழித்தது.

டானியின் தீர்ப்பு வந்த அடுத்த வருஷம், 1858 மார்ச் 5ஆம் தேதி, நெல் ஒரு கூட்டம் நடத்தினார். 1770இல் அதே தேதியில் பாஸ்டனில் ஆங்கிலச் சிப்பாய்களின் குண்டுக்கு விழுந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸின் நினைவு நாள். அட்டக்ஸ் கறுப்பு ரத்தமும் செவ்விந்திய ரத்தமும் கலந்தவர். அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று நெல்லும் தோழர்களும் 1851இல் மனுக் கொடுத்துத் தள்ளுபடி ஆகியிருந்தது. கூட்டம் நடந்த இடம் அதே ஃபனுயில் மண்டபம். எந்த இடத்தில் தட்டு தூக்கினாரோ அந்த இடத்தில் அவர் காட்சிக்கு வைத்த பொருள்களில் இந்தக் கொடியும் ஒன்று.

ஹான்காக் கொடுத்தபோது அது நன்றிக் கொடி. அதாவது, கணக்கு முடிந்தது, போங்கள் என்று சொல்கிற கொடி. நெல் தொங்கவிட்டபோது அது சாட்சிக் கூண்டில் நின்றது. குடிப்படையில் நாங்கள் இருந்ததே இல்லை என்கிறாயே, இது என்ன? இந்த எழுத்து உன் ஆளுநருடையது அல்லவா? கொடுத்தவன் தன் பெருமைக்குப் போட்ட கையெழுத்தே அவனுக்கு எதிரான பத்திரம் ஆகிவிட்டது. துணி மாறவில்லை. மான் மாறவில்லை. பிடித்த கை மாறியது.

அதன் பிறகும் கொடி மட்டும் போதவில்லை. 1853இல் பாஸ்டன் கறுப்பர்கள் தங்களுக்கு ஒரு குடிப்படைக்கு அனுமதி கேட்டிருந்தார்கள், மறுக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் வந்து, ஆள் பஞ்சம் வந்து, 1862இல்தான் கறுப்பர்களைப் படையில் சேர்க்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1863 மே 18இல் 54ஆம் மாசசூசெட்ஸ் படைக்கு ஆளுநர் ஆண்ட்ரூ கொடிகள் கொடுத்தார். மறுபடியும் ஆளுநர், மறுபடியும் கொடி. ஜூலை 18இல் வாக்னர் கோட்டைத் தாக்குதலில், அடிமையாகப் பிறந்த வில்லியம் கார்னி அந்தக் கொடியைப் பிடித்தவாறே குண்டு பட்டுத் திரும்பினார். அவருக்கு அரசின் பதக்கம் 1900இல் வந்தது, 37 வருஷம் கழித்து. ஆனால் இந்த முறை சிப்பாய்கள் கொடியோடு நின்றுவிடவில்லை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 என்று சொல்லித் துணிக்கு 3 பிடித்தார்கள். மாதக்கணக்கில் ஒரு காசும் வாங்காமல் மறுத்து நின்றார்கள். சம ஊதியச் சட்டம் 1864 ஜூனில் வந்தது. கொடியும் வேண்டும், கூலியும் வேண்டும், பதிவேட்டில் பெயரும் வேண்டும் என்று 80 வருஷத்தில் கற்றுக்கொண்டார்கள். ஹான்காக்கின் மாளிகையை இடித்ததும் அதே 1863இல்தான்.

இதை எதற்கு நமக்கு எழுதுகிறேன்? கோரேகான் தூணை நினைத்துப் பாருங்கள். 1818 ஜனவரி 1 அன்று நடந்த சண்டைக்கு வெள்ளைக்காரன் தன் வெற்றிக்காக எழுப்பிய தூண் அது. மகர்களின் பெருமைக்காக இல்லை. ஆனால் செத்தவர்கள் பெயரை அதில் வெட்டினான். அதில் 22 பெயர்கள் மகர்களுடையவை. பின்னாளில் அதே வெள்ளைக்காரன் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் மனுப் போட்டார். 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அந்தத் தூணின் முன்னால் போய் நின்றார். நெல் ஃபனுயில் மண்டபத்தில் செய்த வேலையைத்தான் அவரும் செய்தார். அந்தச் சாட்சி இன்னும் சுடுகிறது என்பதற்கு 2018 ஜனவரி 1 போதும். 200ஆம் ஆண்டு நினைவுக்குக் கூடிய நம் சனத்தைத் தாக்கினார்களே. வெறும் கல் என்றால் யாராவது கல் எறிவார்களா?

1873இல் ஜோதிராவ் ஃபுலே தன் 'குலாம்கிரி' நூலை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த நன்றியில் மிடில்டனுக்கும் நெல்லுக்கும் பங்கு உண்டு என்று நான் படிக்கிறேன்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பொருள்கள் இருக்கின்றன. பட்டாளத்துப் பதக்கம், தலையாரி வில்லை, தோட்டக் கங்காணி எழுதிய துண்டுச் சீட்டு, திருவிழாவில் கட்டிய பரிவட்டம். இவற்றைக் கும்பிடவும் வேண்டாம், பித்தளைக்காரனிடம் போடவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் எடுத்து, யார் போட்டிருந்தது, என்ன வேலை, என்ன கூலி, எது கிடைத்தது, எது மறுக்கப்பட்டது என்று எழுதி வையுங்கள். ஆயாமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கொடுத்தவன் தன் பெயரைப் போட்டுத்தான் கொடுத்திருப்பான். போட்டிருந்தவர் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.

எங்க தாத்தா பெயர் முனியன். வில்லையைச் சுற்றிவைத்த துணியில் மையால் எழுதி வைத்திருக்கிறேன்.